மூக்குத்தி இல்லாத படம்

ஸ்ரீரங்கம் போலீஸ் ஸ்டேஷனில், 12-7-1938 காலை, சப்-இன்ஸ்பெக்டர் ஷேக் தாவூது முன்னிலையில் சொன்னது.

என் பெயர் இருசம்மாள். வயது இருபத்து நான்கு. இருப்பு கீழச்சித்திரை வீதி. கணவர் பெயரை இதுவரை நான் வாயால் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்: ரெங்கராஜ். கோயில் வாசலில் திருமண்ணும் சூர்ணமும் விற்கும் கடை அவருடையது.

பதினாலு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தேன். நாமம் போடும் அந்தத் திருமண்ணை இடித்துச் சலித்துக் கட்டியாகப் பிடிப்பது என் வேலை. பின்கட்டில் ஜன்னல் இல்லாத அறையில் பத்து வருஷம் அதைச் செய்தேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு என் மாமியார் ஆண்டாளம்மாள் எனக்கு நீராகாரமும் ஊறுகாயும் வைப்பார். கறவை மாடு இரண்டு இருந்தும் எனக்கு மோர்கூடக் கிடையாது. பசி பொறுக்காமல் திருமண்ணைத் தின்னப் பழகினேன். இரண்டு பிள்ளை பெற்றேன், இரண்டும் செத்தே பிறந்தன. ராசி கெட்டவள் என்று சொல்லி, மாமியார் தன் மகனுக்கு முசிறியில் வேறு பெண் பார்த்தார்.

அதன் பிறகு சித்திரை மாதம் மாமியாரின் வைர மூக்குத்தி காணாமல் போயிற்று. நான் எதையோ வாயில் போட்டு விழுங்கியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பார்த்தது உண்மை. மண் தின்றேன் என்று சொல்ல வெட்கப்பட்டு நான் பேசாமல் இருந்தேன். அதன் பிறகு என் வயிற்றை எக்ஸ்ரே படம் பிடிக்கத் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படம் தெளிவாக விழ, முதல் நாள் பட்டினி போட்டு அழைத்து வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் வீட்டார் குறைவில்லாமல் செய்தார்கள்.

டாக்டர் ரோசரி அம்மாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூக்குத்தி ஒண்ணும் இல்லைங்க. வெள்ளையாத் தெரியறது மண்ணு. இடுப்பெலும்பைப் பாருங்க, எப்படி வளைஞ்சிருக்கு! பாலும் இல்லாம வெயிலும் இல்லாம இப்படி ஆயிடுச்சு. புள்ளை வெளியில வர வழி ஏது?" என்றார். அதன் பிறகு, "வீட்ல இவங்களுக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார். என் கணவர் பணத்தைக் கட்டிவிட்டுப் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். என் பிள்ளைகள் ஏன் செத்தன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

படத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து மாமியார் பீரோவில் பூட்டினார். மறுவாரம் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் மூக்குத்தி கிடைத்திருக்கிறது. ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. அது அவர் மூக்கில் இருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்; கிடைத்த இடத்தை அவர் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது.

சென்ற வெள்ளிக்கிழமை முசிறியில் நிச்சயதார்த்தம். வீட்டார் எல்லோரும் வாடகைக் காரில் போன பிறகு, உலக்கையால் பீரோப் பூட்டை உடைத்துப் படத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பெண்ணின் தகப்பனார் பிச்சமுத்து வாழைத்தோட்டக்காரர். நான் போனபோது தாம்பூலத் தட்டு மாற்ற எழுந்து நின்றார்கள். என் கணவர் என் கையைப் பிடித்தார், உதறிவிட்டேன். அதன் பிறகு படத்தை ஜன்னலில் வைத்துப் பிடித்து, பெண்ணைப் பெற்ற அம்மாளைக் கூப்பிட்டு, "இது என் இடுப்புங்க. பத்து வருஷம் இவங்க வீட்டுச் சோறு தின்ன இடுப்பு. உங்க பொண்ணுக்கும் இது வேணும்னா தட்டை மாத்துங்க" என்றேன். அந்த அம்மாள் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு தட்டை என் மாமியார் காலடியில் வைத்துவிட்டு, மகள் ராசாத்தியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மாமியார் முகம் செத்ததைப் பார்த்தேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளும்படி இங்கே சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

படம் தன் சொத்து, நான் திருடிவிட்டேன் என்று என் கணவர் புகார் கொடுத்திருக்கிறார். பூட்டை உடைத்தது நான்தான். என் எலும்பை நான் எடுத்தது திருட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்று காலை மாமியார் இங்கே வந்து, "படத்தை மட்டும் குடுத்துடுடி, புகாரை வாபஸ் வாங்கிக்கறோம்" என்றார். என்னிடம் அவர் கெஞ்சியது இதுவே முதல் தடவை. எனக்குச் சம்மதமில்லை. வழக்கு நடக்கட்டும். படத்தைக் கோர்ட்டில் வெளிச்சத்தில் பிடித்து, பத்து வருஷம் எனக்கு என்ன சோறு போட்டார் என்று ஆண்டாளம்மாளைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும். அதுவரை படத்தை இங்கே ஒப்படைக்கிறேன், ஸ்டேஷனிலேயே இருக்கட்டும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம்.

(இருசம்மாள், இடது பெருவிரல் ரேகை)