ஜெரால்டு வீட்டு விளக்கு

தருவைகுளம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இளைஞன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "செத்துப்போனவன் வீட்டுக்குள்ள நேத்தும் போனேம்ல. விளக்கெல்லாம் எரியுது."

பேச்சைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு விளங்கியது. கப்பல் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோன ஜெரால்டு அவர்களுடைய நண்பன். அந்த வீடு, அவர்கள் சேர்ந்து விளையாடிய கம்ப்யூட்டர் கேமுக்குள் அவன் கட்டியது. கேமின் சர்வர் அவன் அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது.

"அந்த வீடு இருக்க கேம் ஃபைல டவுன்லோட் பண்ணிட்டியால?"

"எங்க. பாதியிலயே சர்வர் கிராஷ் ஆயிருது. எப்பவும் ஒரே இடத்துலதான் நிக்கு."

"நேராப் போயி பென்டிரைவுல ஏத்த வேண்டியதுதானே?"

"ஏத்திப் பாத்தேன். அங்கயும் அதே இடம்தான். உப்புக்காத்துல ஹார்ட் டிஸ்க் போச்சுல. இப்படியே ஓடுனா மொத்தமாப் படுத்துரும்."

"அப்ப ஆஃப் பண்ணி வைப்போம். யாராவது தெரிஞ்சவங்ககிட்ட காட்டலாம்."

"அவங்க அம்மா ஆஃப் பண்ண விடமாட்டேங்காங்க. அந்த ஃபேன் சத்தம் கேட்டாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வருதாம்."

"கெட்டுப்போயிரும்னு சொன்னியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவன் சொன்னான்: "நீ வந்து சொல்லுல."