இடமிருந்து வலமாக

“படு!”

பஷீரின் குரல். நான் தரையில் கிடக்கிறேன். கன்னத்துக்கடியில் யாரோ சிந்திய சோளப்பொரி. திரையில் ஸ்பானியக் காலாட்படை ஒன்று பள்ளத்தாக்கில் சிக்கியிருக்கிறது. பொறுக்கியெடுத்த வீரர்களாம். குண்டுகள் விழுகின்றன. மயிலாப்பூர்த் திரையரங்கில் எங்களைத் தவிர யாரும் படுக்கவில்லை.

பின்வரிசையில் சிரிப்பு. “இன்னா தாத்தா, படந்தானே ஓடிக்கினு கீது.”

“படம்னு எனக்குத் தெரியும் நைனா,” என்கிறான் பஷீர், கிடந்தபடியே. “என் முட்டிக்குத்தான் தெரியல.”

சத்தம் தவறு. நம் பீரங்கி முதலில் முதுகுக்குப் பின்னால் இருமும். பிறகுதான் தலைக்கு மேல் சீழ்க்கை. எதிரியின் குண்டு சீழ்க்கையோடு வரும். பிறகு நிலம் அதிரும். படத்தில் இரண்டுக்கும் ஒரே ‘டமார்’.

அன்று மலையில் விடிந்துகொண்டிருந்தது. நாங்களும் பொறுக்கியெடுத்த காலாட்படைதான். பிரிவுக்குத் தலைவன் நான். எனக்கு இடப்பக்கம் செல்வம், பட்டினப்பாக்கத்துக்காரன், எங்களில் கூர்மையான காது. அவனுக்கு இடப்பக்கம் பஷீர். பின்னால் இருமல் கேட்டது. “படு!” பஷீர் கத்தினான். செல்வம் நின்றபடி சிரித்தான்.

“நம்மளுது பாய். இன்னாத்துக்கு பம்முற?”

அவன் சொன்னது சரி. அது நம்முடையதுதான். அதன் சீழ்க்கைக்குள் மறைந்து எதிரியின் சீழ்க்கையும் வந்துகொண்டிருந்தது.

குண்டுவீச்சு ஓய்ந்ததும் இடமிருந்து வலமாக அவரவர் பெயரைச் சொல்ல வேண்டும். விதி. பெயர் வராத இடத்துக்கு உடனே ஓடக்கூடாது. அடுத்த குண்டு அதற்குத்தான் காத்திருக்கும். அதுவும் விதி. பஷீர் சொன்னான், வலது காதில் ரத்தம் வழிய. அடுத்தது செல்வம். காற்று மட்டும். விதிப்படி காத்திருந்தேன். விதிப்படி ஊர்ந்து சென்றேன். விதியில் ஒரு குறையும் இல்லை. செல்வத்தில்தான் பாதி இல்லை.

திரையில் தளபதி யாரையும் எண்ணவில்லை. வசனம் பேசுகிறான். வயலின் அழுகிறது. பஷீர் இன்னும் எழவில்லை. ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. எங்கே வெடித்தாலும் அவனுக்குத் தலைக்கு மேல்தான்.

இருட்டில் மெல்லச் சொல்கிறான். “பஷீர்.”

இது என் முறையல்ல. நடுவில் ஒரு பெயர் வர வேண்டும். இருவரும் காத்திருக்கிறோம்.

மலை ஏறியவர்கள் பத்துப் பேர். இறங்கியவர்கள் நால்வர். இன்று ஆட்கள் இரண்டு. காதுகள் மூன்று.