எண் இல்லாமல் கேட்ட கேள்வி

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் ஐயா அவர்களே, தலைமை மருத்துவர் அவர்களே, மருத்துவமனையைச் சோதித்துப் பார்க்க வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆய்வுக் குழுவினரே, முன்வரிசையில் எங்களைவிடப் பெரிய துயரத்தோடு உட்கார்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, வார்டிலும் ஆய்வகத்திலும் இரத்த வங்கியிலும் வேலையைப் பக்கத்தில் இருப்பவர் தலையில் கட்டிவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் கணினிப் பிரிவில் அம்மையாரின் கீழ் வேலை பார்ப்பவன், எனக்கு மேடைப் பேச்சு வராது. மைக் ஆடுவதைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். துக்கத்தில் கை நடுங்குகிறது என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். பாதிதான் துக்கம், மீதி பயம். எதற்குப் பயம் என்பதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் நம் கணினிப் பிரிவின் தலைவி அம்மையாரை ‘அஞ்சா நெஞ்சம் கொண்டவர்’ என்றார்கள். யாரை? நம் அம்மையாரையா? வேறு யாருக்கோ எழுதி வைத்த உரையை மாற்றி எடுத்து வந்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது! ‘ஐயோ அக்கா’ என்றுதானே அவரை இந்த மருத்துவமனை முழுக்க அழைத்தோம்? ஒரு கட்டளையைத் தட்டி முடித்து, எண்டர் விசையை அழுத்துவதற்கு முன்னால் ‘ஐயோ’ என்பார். அழுத்திய பிறகு இன்னொரு ‘ஐயோ’. பதில் சரியாக வந்துவிட்டால் மூன்றாவதாக ஒரு ‘ஐயோ’, அதுதான் எல்லாவற்றிலும் நீளம்.

அஞ்சியவர்! ஆம், அஞ்சி அஞ்சியே வேலை பார்த்தவர்! இந்தக் கட்டடத்தில் அவரைப்போல் பயந்தவர் ஒருவருமில்லை. அதைத்தான் நான் இன்று புகழப் போகிறேன்.

இதை அவர் கணவரிடம் சொன்னபோது, அந்த மனிதர் அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டார். ‘பயந்தாங்கொள்ளியா? யாரு, இவளா? வாசல்ல சத்தம் கேட்டா நான்தான் போர்வைக்குள்ள போவேன். இவ கட்டையை எடுத்துக்கிட்டுப் போவா’ என்றார். உண்மைதான் போலிருக்கிறது. தன் உடம்புக்குப் பயப்படத் தெரிந்திருந்தால், நெஞ்சு வலித்தபோது ‘வாயுதான், சரியாப் போயிடும்’ என்று சொல்லிவிட்டு இந்த மருத்துவமனைக்கு உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்த்திருப்பாரா? மாடி ஏறினால் இதய மருத்துவர் இருக்கிறார். ஏறவில்லையே! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் என்ன வேலை பார்த்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ‘கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுவாங்க’, அவ்வளவுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் மென்பொருளின் நிரல் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. புதிதாக வருகிற பொடியன்கள் ‘அது இன்னும் உயிரோட இருக்கா சார்?’ என்று கேட்பார்கள். இருக்கிறது. உங்கள் நோயாளிகளையும் அதுதான் உயிரோடு வைத்திருக்கிறது. நோயாளியின் இரத்த வகை, மருந்து, ஒவ்வாமை எல்லாம் டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில் கிடக்கின்றன. நாங்கள் அதனிடம் நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஓர் இடையாள், ஓ.ஆர்.எம். என்று பெயர். ‘இந்த நோயாளியின் முடிவைக் கொண்டு வா’ என்று நாங்கள் பெர்லில் சொன்னால், அதை டேட்டாபேஸுக்குப் புரிகிற கேள்வியாக மாற்றிக் கேட்டு, பதிலை வாங்கி வந்து நம் கையில் கொடுப்பான். கெட்டிக்காரன். ஆனால் அங்கே போய் என்ன வார்த்தையில் கேட்டான் என்பதை, நாமாகக் கேட்காதவரை வாயே திறக்க மாட்டான்.

அம்மையார் கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார். ட்ரேஸ் என்று ஒரு வசதி உண்டு; அதைப் போட்டுவிட்டால் இடையாள் கேட்கிற கேள்வியெல்லாம் வரிவரியாகத் திரையில் ஓடும். நான் அவசரக்குடுக்கை. அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார். ‘நிரலைப் பாத்தாலே தெரியுதேக்கா, எதுக்கு ட்ரேஸ்?’ என்பேன். ‘நீ என்ன சொன்னேன்னு நிரல் சொல்லும். அவன் என்ன கேட்டான்னு யாரு சொல்லுவா, உங்க தாத்தாவா?’ என்பார்.

புறநோயாளிகள் பதிவுத் திரை நினைவிருக்கிறதா? பொத்தானை அழுத்திவிட்டு, கை கழுவிவிட்டு வந்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்குமே! புது இயந்திரம் வாங்கியே ஆக வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றோம். அம்மையார் ட்ரேஸைப் போட்டார். திரை பொங்கி வழிந்தது! ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர் யார் என்று கேட்க, அந்த இடையாள் தனித்தனியாக டேட்டாபேஸுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தான். உப்புக்கு ஒரு தடவை கடைக்கு, வெங்காயத்துக்கு ஒரு தடவை கடைக்கு, எண்ணெய்க்கு மறுபடியும் கடைக்கு! ‘எல்லாத்தையும் ஒரே நடையில வாங்கிட்டு வாடா’ என்று நிரலில் ஒரு சொல்லைச் சேர்த்தார். திரை கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. நாங்கள் கைதட்டினோம்.

அவர் தட்டவில்லை. ‘இவ்ளோ சீக்கிரம் வருதே, எதையாவது விட்டுட்டு வருதா?’ என்றார். நல்லது நடந்தால்கூட நம்ப மாட்டார்! பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். விட்டுவிட்டுத்தான் வந்திருந்தது! மருத்துவர் பெயரையும் சேர்த்தே கேட்டதால், இன்னும் மருத்துவர் ஒதுக்கப்படாத நோயாளிகள் பட்டியலிலேயே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், திரையில் இல்லை. யாரும் அவர்களைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அதையும் சரி செய்தார். பயப்படாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் இருந்திருந்தால்? கைதட்டிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பேன்.

இனிச் சொல்லப் போவது தலைமைச் செவிலியருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் ஆண்கள் வார்டு சிஸ்டர் எங்கள் அறைக்கு மூச்சிரைக்க வந்தார். ‘அக்கா, எங்க பெரியவருக்கு ஓ பாசிட்டிவ். ஸ்க்ரீன்ல ஏ-ன்னு காட்டுச்சு. மறுபடி பாத்தா ஓ-ன்னு வருது. எனக்குத்தான் கண்ணு கட்டுதா?’ என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அம்மையார் அதற்குள் எழுந்துவிட்டார். ‘எப்பவும் தப்பாக் காட்டினா பரவால்ல, கண்டுபிடிச்சிடலாம். ஒரு தடவை தப்பு, ஒரு தடவை சரின்னா... ஐயோ, இது ஆளைக் கொல்ற தப்பு’ என்றார்.

வார்டுக்கே போய் உட்கார்ந்தார். சிஸ்டர் பெரியவரின் கைப்பட்டையில் ஸ்கேனரை வைத்து வைத்து எடுத்தார். எத்தனையோ முறை சரியாக வந்தது. ஒரு முறை ஸ்கேனர் ‘பீப்’ என்றது, ஆனால் கட்டத்தில் நோயாளியின் எண் விழவில்லை. சிஸ்டரின் விரல் பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. மேலே பெரியவரின் பெயர் முன்போலவே இருந்தது. கீழே முடிவு வந்தது. ஏ பாசிட்டிவ்!

ட்ரேஸைப் பார்த்தோம். இந்த எண்ணுள்ள நோயாளியைக் கொண்டு வா என்றுதான் நிரலில் எழுதியிருந்தது. எண் வராதபோது பெர்ல் முகம் சுளிக்கவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்பதையே இடையாளின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. அவனும் பவ்வியமாகப் போய் டேட்டாபேஸிடம் என்ன கேட்டான் தெரியுமா? ‘எண் இல்லாத நோயாளி யார்?’ என்று கேட்டான். எண் இல்லாதவர்கள் நம்மிடம் இருக்கிறார்களே! விபத்தில் பேரும் ஊரும் தெரியாமல் தூக்கி வரப்படுகிறவர்கள், பதிவு முடியாதவர்கள். அவர்களில் ஒருவருடைய இரத்த வகையை எடுத்து வந்து பெரியவரின் பெயருக்குக் கீழே வைத்துவிட்டான். பிழைச் செய்தி இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. நல்ல பிள்ளைபோல் பதில் சொன்னது அந்தத் திரை!

யார் எழுதிய வரி என்று பார்த்தோம். அம்மையார் எழுதியது. பல வருடத்துக்கு முன்னால் அவரே தன் கையால் எழுதியது.

இறந்தவரின் பிழையை இரங்கல் கூட்டத்தில் சொல்லலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அவர் என்ன செய்தார் என்பதையும் கேளுங்கள். மூடி மறைத்தாரா? மேலிடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாரா? நேரே தலைமைச் செவிலியரிடம் போய், ‘தப்பு என்னோடது சிஸ்டர். நான் சொல்ற வரைக்கும் எந்த வார்டும் இந்த ஸ்க்ரீனை நம்பாதீங்க’ என்றார். எண் இல்லாவிட்டால் உடனே நின்று கத்தும்படி அந்த வரியைத் திருத்தினார். நல்லவேளை, பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனார்.

‘அதான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன்க்கா மூஞ்சி இப்படி இருக்கு?’ என்று கேட்டேன். ‘வீட்டுல ஒரு எலியைப் பாத்துட்டு, இருக்கிறதே ஒரு எலிதான்னு எவனாவது நிம்மதியாத் தூங்குவானா?’ என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு திரையாக எடுத்தார். எண்ணைக் காலியாக விட்டுக் கேட்பது, ட்ரேஸைப் பார்ப்பது, திருத்துவது. ஆய்வகம் முடித்தார். மருந்தகம் முடித்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு முடித்தார். அடுத்தது இரத்த வங்கி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர்தான். திரும்பி வரவில்லை.

தோழர்களே, இன்று காலை இந்த மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, நான் கீழே இரத்த வங்கித் திரையைத் திறந்தேன். எண்ணைக் காலியாக விட்டு, ட்ரேஸைப் போட்டுக் கேட்டேன்.

எண் இல்லாத நோயாளி யார் என்றுதான் கேட்டது. ஓர் இரத்த வகையையும் கொண்டு வந்து காட்டியது.

வங்கியில் இருக்கும் டெக்னீஷியன் அம்மாவிடம் ஓடினேன். ‘ரத்தப் பை கொடுக்கிறதுக்கு முன்னாடி கையால பொருத்தம் பாப்பீங்கதானே?’ என்று கேட்டேன். ‘பாப்போம் சார். ஆனா ரத்தம் கொட்டிக்கிட்டு வர்ற கேஸுக்கு நேரம் ஏது? ஸ்க்ரீன்ல இருக்கிற குரூப்பைப் பாத்துத்தான் குடுப்போம்’ என்றார். இதுவரை யாருக்காவது மாறிப் போயிருக்கிறதா? தெரியாது! ட்ரேஸ் போடாத நாட்களில் இடையாள் எதைக் கேட்டான் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தெரியாது என்ற இந்த ஒரு வார்த்தைதான் காலையிலிருந்து என்னை விடாமல் துரத்துகிறது.

நேரே இயக்குநர் ஐயாவிடம் போனேன். ஐயா, மன்னிக்க வேண்டும், நீங்கள் சொன்னதைச் சொல்லத்தான் போகிறேன். ‘ஆய்வுக் குழு வந்து உக்காந்திருக்கு. இன்னிக்கு இதைக் கிளப்பாதீங்க. ஸ்க்ரீன் பாட்டுக்கு ஓடட்டும், அடுத்த வாரம் பேசிக்கலாம்’ என்றீர்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். உங்களுக்கும் பயம். இந்த மருத்துவமனையின் பெயருக்குப் பயம். எனக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள் ஐயா, இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. உங்கள் பயமும் என் பயமும் ஒரே சாதி. நம்மைக் காப்பாற்றிக்கொள்கிற பயம். அம்மையாருக்கு இருந்தது அது இல்லை. முகம் தெரியாத எவனோ ஒருவன் மேசையில் கிடக்கிறான், அவனுக்குத் தப்பான பை ஏறிவிடுமோ என்ற பயம்! அது நமக்கு எப்போது வரப் போகிறது?

கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்கிறீர்கள். இதோ முடித்துவிடுகிறேன்.

பின்வரிசையில் யாரோ ‘எந்த ஸ்க்ரீன்?’ என்று கேட்கிறீர்கள். இரத்தம் வழங்கும் திரை. அங்கே பணியில் இருப்பவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன். இங்கே இருக்கும் இரத்த வங்கித் தோழர்களே, நீங்களும் தயவுசெய்து எழுந்து போங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவசரமாக இருந்தாலும் சரி, தலைபோகிற அவசரமாக இருந்தாலும் சரி, நோயாளியின் இரத்தத்தைக் கையால் சோதித்துவிட்டுப் பையைக் கொடுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் யாருக்கும் கொடுக்கக்கூடிய ஓ நெகட்டிவைக் கொடுங்கள். தலைமை மருத்துவர் தலையசைக்கிறார். நன்றி ஐயா.

அம்மையாரே! நீங்கள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வேன் என்று இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். ஒவ்வொரு திரையாக, ஒவ்வொரு கேள்வியாக. கொடுத்த ஒவ்வொரு பையையும், வாங்கிய ஒவ்வொரு நோயாளியையும் டெக்னீஷியன் அம்மாவோடு உட்கார்ந்து சரிபார்ப்பேன். உங்கள் திறமை எனக்கு இல்லை, பொறுமை சுத்தமாக இல்லை. செய்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் இரத்த வங்கித் திரையை நிறுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இயக்குநர் ஐயா மறுபடி திறக்கச் சொல்லி உத்தரவு போடலாம், அது அவருடைய அதிகாரம். ஆனால் அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் இந்த மருத்துவமனையில் இரண்டே பேர். ஒருவர் அதோ, பூ வைத்த படத்தில் இருக்கிறார். இன்னொருவனுக்குப் பயமாக இருக்கிறது, அவன் திறக்க மாட்டான்.