பின் பிரேக்

— காலைக் காட்டுங்க.

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லையா? மாடி ஜன்னல்ல நின்னு என் கண்ணால பாத்தேங்க. நம்ம காரு தானா பின்னால போச்சு. நீங்க அதுகிட்ட காலை நீட்டி உக்காந்திருந்தீங்க. காட்டுங்க முதல்ல.

— கால் இருக்கு. செருப்புதான் போச்சு.

— எங்க?

— அதோ, வண்டிக்கு அடியில.

— கடவுளே. தகடு மாதிரி கெடக்கு. அதுக்குள்ள உங்க கால் இருந்துச்சா?

— உருவிட்டேன்.

— இந்தாங்க, என் கையப் பிடிச்சு எந்திரிங்க. எதிர்வீட்டு அண்ணன் ஓடி வர்றாரு.

— யாரும் வண்டிகிட்ட போகாதீங்க. தம்பி, நீ அங்கயே உக்காரு. ஏம்மா, நீ வண்டிக்குப் பின்னால நிக்காத, இப்படி ஓரமா வா.

— அண்ணே, சத்தம் எதிர்வீடு வரைக்குமா கேட்டுச்சு?

— தெருவே கேட்டிருக்கும். பிரேக் டிரம் சிமெண்டைக் கீறிக்கிட்டு வந்த சத்தம், எனக்குப் பல்லு கூசிப்போச்சு.

— கேட்டுத் தூண்ல மோதி நின்னுடுச்சே. இனிமே எங்க போகப்போகுது?

— தூண் நிக்கும்னு யாரும்மா சொன்னது? பாதி செங்கல் வெளிய வந்திருக்கு. முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன் நான். நிக்கிற வண்டிய ஒரு நாளும் நம்பினதில்ல, புரியுதா? அந்த ரெண்டு செங்கல்லை எடுத்துக் குடு. முன் வீலுக்குப் பின்னால வச்சு இறுக்கறேன்.

— இந்தாங்க.

— ம், நின்னுச்சு. ஜன்னல் வழியா கையை விட்டு முதல் கியரும் போட்டுட்டேன். தம்பி, இப்ப சொல்லு. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தியா?

— போட்டுத்தாண்ணே ஜாக்கிய ஏத்தினேன். பின் வீலைக் கழட்டினேன். உள்ள இருக்கற டிரம் கழண்டு வரல. அதனால ஹேண்ட்பிரேக்கை எறக்கிட்டேன்.

— எறக்குனாத்தான் டிரம் வரும், சரி. ஆனா ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதே பின் வீலைத்தான். அதையும் எறக்கிட்டா இந்த மேட்டுல வண்டிய எது பிடிச்சு நிறுத்தும்? கியர்?

— நியூட்ரல்.

— முன் வீலுக்குக் கட்டை?

— வைக்கல.

— ஜாக்கிக்குப் பக்கத்துல வண்டியத் தாங்க ஸ்டாண்டு?

— ஷெட்டுல இருக்கு.

— ஆக, ஒத்தை ஜாக்கிய நம்பி, சரிவுல, காலை ஊனி டிரம்மை இழுத்திருக்க. ஜாக்கி சாயாம என்ன பண்ணும்? கேட்டுக்கு வெளிய ரோடு பாய் விரிச்ச மாதிரி சமமா கெடக்கே தம்பி, அங்க நிறுத்தி வேலை செஞ்சிருக்கலாமே.

— தப்புதாண்ணே.

— இவரு இப்படிப் பண்றவரே இல்லண்ணே. டயர் மாத்துனாகூட நாலு தடவை குனிஞ்சு பாப்பாரு.

— அதான் எனக்கும் வியப்பா இருக்கு. போன வருஷம் எனக்கே பாடம் எடுத்த ஆளு. முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை, அடியில ஸ்டாண்டு, கையை விடறதுக்கு முன்னால வண்டிய ஒரு தடவை ஆட்டிப் பாருங்கன்னு. இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு?

— நெனப்பு எங்கயோ இருந்துச்சு.

— நல்ல வேளை, செருப்போட போச்சு. சரி, ஸ்டெப்னிய எடுத்து அடியில தள்ளி வைப்போம். எது விழுந்தாலும் அது தாங்கும். மோதுனதுல டிக்கி தானா தெறந்துகிட்டு நிக்குது பாரு. ஏம்மா, ஸ்டெப்னி மேல இவ்வளவு பெரிய பெட்டி இருக்கே, ஊருக்கா?

— ஆமாண்ணே. அக்கா வீட்டுக்கு. ரெண்டு நாள்.

— ரெண்டு நாளைக்கா? தூக்க முடியல. இந்தா, இதை ஓரமா வை. சரி, ஸ்டெப்னிய உள்ள தள்ளிட்டேன். எங்க வீட்டுல நல்ல மரக்கட்டை ரெண்டு இருக்கு, எடுத்துட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க, புரியுதா?

— சரிண்ணே.

— என்னங்க.

— ம்.

— பெட்டியப் பாத்து நீங்க திடுக்கிடவே இல்லையே.

— தெரியும்.

— எப்பலேர்ந்து?

— திங்கக்கிழமை. டயருக்குக் காத்தடிக்கப் பம்பை எடுக்க டிக்கியத் தெறந்தேன். போர்வையப் போட்டு மூடி வச்சிருந்த.

— தெறந்து பாத்தீங்களா?

— இல்ல. போர்வைய வெலக்கினேன், பெட்டி மேல உன் சர்ட்டிபிகேட் ஃபைல் இருந்துச்சு. ரெண்டு நாளைக்குப் போறவ அதை எடுத்துக்க மாட்டா.

— இன்னிக்கு சனிக்கிழமை. இத்தனை நாளும் என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க. தண்ணி கேட்டீங்க. செருப்பு வார் அறுந்துடுச்சுன்னு சொன்னீங்க. இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

— கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?

— சொல்லியிருப்பேன். நீங்க கடையை மூடினதுலேர்ந்து நான் சுவத்தோட குடும்பம் நடத்துறேன்னு சொல்லியிருப்பேன். ஏங்க முகம் வாடியிருக்குன்னா ஒண்ணுமில்ல. ஏன் தூங்கலன்னா ஒண்ணுமில்ல. ஒரு வருஷமா ஒரே வார்த்தை. எனக்கும் மனுஷங்ககூடப் பேசணும்னு இருக்காதா?

— ம்.

— இப்பவும் பாருங்க, ம். அப்படீன்னா எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். வண்டியக் கழட்டிப் போட்டுட்டா இவ எப்படிப் போவான்னு நெனச்சீங்களா? அதுக்குத்தான் இன்னிக்குப் பார்த்து அவசர அவசரமா உக்காந்தீங்களா? உங்க கால் போயிருந்தா நான் எங்கயும் போக முடியாதுன்னா?

— சே, இல்ல.

— பின்ன எதுக்கு? மெக்கானிக் அடுத்த திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கான்ல?

— திங்கக்கிழமை லேட்டு.

— எதுக்கு லேட்டு? வாயைத் தெறந்து சொல்லுங்க.

— பின் பிரேக் ரெண்டும் தேஞ்சு இரும்பும் இரும்பும் ஒரசுது. புதுசு வாங்கி செவ்வாக்கிழமையே ஷெட்டுல வச்சுட்டேன், மாட்டத்தான் கை வரல. நேத்து நீ போன்ல உங்க அக்காகிட்ட, சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பறேன், மலை எறங்க ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அந்த எறக்கத்துல, இந்த பிரேக்கோட, உன்னத் தனியா எப்படி அனுப்புவேன்.