வெளிப்பக்கம் திறக்கும் கதவு

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் அறைக் கதவு தரையை உரசுகிறது. மேல் கீலில் ஒரு திருகு கழன்றிருக்கிறது, வேறொன்றுமில்லை. இப்போது பார்த்தால் ஒரு நிமிட வேலை. விட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பி, உதைத்துத் திறக்க வேண்டியிருக்கும். கட்டட வேலையிலேயே தலை நரைத்தவன் நான், கதவைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

நீங்கள் கேட்பது என் தங்கையைப் பற்றி. அந்த மாடி வகுப்பின் டீச்சர் அவள். அந்த வகுப்புக் கதவின் விஷயம் அவளுக்கும் தெரியுமா, தெரிந்தேதான் பிள்ளைகளை அங்கே நிறுத்தினாளா என்கிறீர்கள். தெரியாது. என் மேல் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், வழக்கில் அவள் பெயர் மட்டும் வரக் கூடாது. அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். அதற்காகத்தான் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் பழையது. மேல்மாடியில் சாமான் அறையாகக் கிடந்ததை வகுப்பறையாக மாற்றித் தரும் வேலையை எடுத்திருந்தேன். அதுவரை அந்தப் பிள்ளைகள் மைதானத்துத் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தார்கள். வெயிலில் மூக்கிலிருந்து ரத்தம் வந்த ஒரு குழந்தையை நானே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருக்கிறேன். மாடியில் வகுப்பு நடத்த அனுமதி வேண்டுமென்றால் இறங்குவதற்கு இரண்டு வழி இருக்க வேண்டும். இரண்டாவது கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். நல்ல விதி. நான் விதிகளுக்கு எதிரானவன் இல்லை.

வரைபடத்தில் அந்தக் கதவு பக்கத்துக் கிடங்கின் மொட்டை மாடிக்குத் திறந்தது. அங்கிருந்து ஓர் இரும்புப் படி தெருவுக்கு இறங்கியது. கிடங்குக்காரர் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார். விடுமுறையில் மனிதருக்கு மனம் மாறி, எங்கள் சுவரை ஒட்டியே இன்னொரு மாடி எழுப்பிவிட்டார். கதவு வர வேண்டிய இடத்துக்குப் பின்னால் இப்போது அவருடைய செங்கல்.

வரைபடத்தை மாற்றிப் புது அனுமதி வாங்கலாம்தான். வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கல்லில் நார் உரிப்பது அதைவிடச் சுலபம். பள்ளி திறக்கும் நாளும் நெருங்கிவிட்டது. "எப்படியாவது முடிச்சுக் குடுத்துடுங்க, அந்தக் கொட்டகையில இன்னொரு வெயில் காலத்தை என்னால பார்க்க முடியாது" என்றார் தலைமையாசிரியை. எப்படியாவது என்று சொல்பவர்கள் எப்படி என்று பிறகு கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை.

வெளிப்பக்கம் திறக்கும் கதவில் ஒரு வசதி உண்டு. உள்ளே நிற்பவர் கண்ணுக்குக் கீல் தெரியாது. சுவரை நான்கு விரல் ஆழத்துக்குக் குடைந்து, நிலையைப் பதித்து, கதவுப் பலகையை அதற்குள் அசையாமல் அறைந்து நிறுத்தினோம். பின்னால் சுவர். நல்ல மரம், கனமான கைப்பிடி, மேலே ஓடும் மனிதன் படம் போட்ட பச்சை விளக்கு. தச்சர் சிரித்தார். "கீல் வாங்குற செலவு மிச்சம் சார். ஆனா இது எந்த ஊருக்குப் போற கதவு?"

"அனுமதிக்குப் போற கதவு" என்றேன். அவரை விட்டுவிடுங்கள், நான் சொன்னதைத்தான் செய்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அதிகாரி எதைத் தொடக் கூடாதோ, அதற்கு அன்று காலையில் பெயிண்ட் அடித்துவிட வேண்டும். ஆய்வாளர் வெள்ளைச் சட்டையில் வந்தார். கிடங்கின் இரும்புப் படியை முதல் தடவை வந்தபோதே பார்த்திருந்ததால் மறுபடி தெருவைச் சுற்றிப் போகவில்லை. கைப்பிடி வரை கையைக் கொண்டுபோனவர், "ஐயையோ சார், பெயிண்ட் காயல" என்று நான் சொன்னதும் விரலை மடக்கிக்கொண்டார். தீ ஒத்திகையும் நடத்திக் காட்ட வேண்டும் என்பது விதி. தங்கை மணியடித்தாள். பிள்ளைகள் தள்ளாமல், பேசாமல், கதவுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும் என்று அவள் சொல்லிவைத்திருந்ததால் எல்லாரும் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். இப்படி ஒழுங்கான பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகும் அவள் மாதாமாதம் ஒத்திகையை விடவில்லை.

தீ மாடிப்படிக்குக் கீழே பிடித்தது. பழைய பெஞ்சுகளை அங்கே குவித்து வைத்திருந்தார்கள். அடங்காப்பிடாரிகள் என்று அவள் தினமும் திட்டும் சிலர் வரிசையை விட்டுவிட்டுப் புகைக்குள்ளேயே படியிறங்கி ஓடி, இருமிக்கொண்டு தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே போன தீயணைப்பு வீரர் சொன்னார், விழுந்த பிறகும் அந்த வரிசை கலையவில்லையாம்.

இப்போதெல்லாம் நான் வீட்டில் சுவரைத் தட்டிப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தட்டுகிறார்கள். அவசரமாக இல்லை, ஒருவர் மாற்றி ஒருவராக, மரியாதையாக. "அந்தப் பக்கம் நம்ம சமையலறைங்க, யாரும் இல்ல" என்று மனைவி கையைப் பிடித்து இழுக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். "அண்ணா, ஒரே ஒரு தடவை திறந்து காட்டுண்ணா" என்று அவள் கேட்காத வாரம் இல்லை. பெயிண்ட் காயட்டும் என்றேன். காய்ந்துவிட்டது. கிடங்கின் புது மாடிக்குள் நடைவழி விட்டிருக்கிறார்கள், சாமான் இருப்பதால் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்றேன். "அப்ப அவசரம்னா என்ன பண்றது?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் தலைமையாசிரியையிடம் போய் நின்றால் வகுப்பையே மூடிவிடுவார்கள், பிள்ளைகள் திரும்பக் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். அதனால் கதவில் உயர்ந்த ரகப் பூட்டு ஒன்றைப் பதித்துச் சாவியை அவளிடம் கொடுத்தேன். "இடது பக்கம் திருப்பினா திறக்கும்மா. சும்மா திருப்பிப் பார்க்காதே, கிடங்குல அபாய மணி அடிக்கும்." அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே நிம்மதியாக இருந்தது. கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். நீங்கள் அவள் விரல்களைப் பிரித்து எடுத்தது அந்தச் சாவிதான்.

டாக்டர் உங்களை இன்னும் அவளிடம் விடவில்லை. அண்ணன் என்பதால் என்னை விட்டார்கள். கண்ணில் கட்டு. குரல் பாதிதான் வருகிறது. யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளும் பிள்ளைகளைப் பற்றிக்கூட முதலில் கேட்கவில்லை.

"அண்ணா, நான் இடது பக்கம்தான் திருப்பினேன். அது தப்பாண்ணா?"

அவள் தவறு செய்யவில்லை. அவள் திருப்பியதில் பூட்டு திறந்துதான் இருந்தது. தெரிந்தவளா இப்படிக் கேட்பாள், நீங்களே சொல்லுங்கள்.

"ஆமாம்மா" என்றேன். "வலது பக்கம்தான் திருப்பியிருக்கணும். பதட்டத்துல மறந்துட்டே, பரவாயில்ல."

அவள் வெகுநேரம் அழுதாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் அவளிடம் அப்படியே சொல்லிவிடுங்கள், அது சுவர் என்று சொல்லிவிடாதீர்கள். பாவம், அண்ணனை நம்புவது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதையும் பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.