மூன்றாம் மேடைக்கு ஒரு ரயில்

அதிகாலை நாலேகால். ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வெளியே ஒரு காட்டுப் பாதை. இரண்டு பக்கமும் பைன் மரம். ஒரு விளக்கில்லை. சப்பாத்துக்குக் கீழே பனி நெரிகிற சத்தம் மட்டும்... நறுக்... நறுக்... அந்தப் பாதையால் ஓர் ஆள் வேலைக்கு நடந்து போகிறான். பெயர் அம்புறோஸ். என் மனைவி றொசானாவின் ஒரே தமையன்.

இப்படித்தான் தொடங்கினேன். வேறென்ன செய்வது? கடலுக்கு இந்தப் பக்கம், டோர்வல் விமான நிலையத்தில், பெட்டி ஏற்றுகிறவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் மூன்று பேர் அகப்பட்டிருந்தோம். வெளியே, விழுந்ததும் ஐஸாகிவிடும் உறைமழை. விமானம் இல்லை. பஸ் இல்லை. பதினொரு மணிக்கு மின்சாரமும் போய்விட்டது. ஒரேயொரு கைபேசி வெளிச்சத்தைச் சுற்றி, ஜாக்கெட்டைக் கழற்றாமல் குந்தியிருந்தோம். எனக்கு வந்த எரிச்சலில் சுவரைக் கடித்திருப்பேன்.

"பற்றிக், பேய்க்கதை எண்டால் பேய் முதலே வரவேணும். நீ ஸ்ரேசன் கதை சொல்லுறாய்," என்றார் கிருபானந்தன் அண்ணை. முப்பது வருஷம் பெட்டி தூக்கிய மனிதர். எதையும் நம்பமாட்டார்.

"சும்மா இருங்கோ அண்ணை. அவர் சொல்லட்டும்," என்றாள் துப்புரவு வேலை செய்யும் பிரஷாந்தினி.

சொன்னேன்.

அம்புறோஸுக்கு அங்கே சிக்னல் அறையில் வேலை. நூற்று முப்பது வருஷப் பழைய நிலையம். ஒரு செங்கல் சூளைக்காகக் கட்டியது. சூளை எப்போதோ போய்விட்டது. டிக்கெட் விற்ற யன்னலில் இப்போது பாண் விற்கிறார்கள். நிலைய அதிபர் குடியிருந்த மேல்மாடியில் பல் வைத்தியர். சிக்னல் அறை மட்டும் பழையபடியே கிடக்கிறது. சிக்னலை இழுத்து மாற்றும் ஆளுயர இரும்பு லீவர்கள், கம்பி, மணி, ஒரு கறுப்புத் தொலைபேசி.

வேலை இதுதான். பக்கத்து நிலையம் தொலைபேசியில் கேட்கும்: இன்ன ரயிலை ஏற்றுக்கொள்கிறீரா? ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, பதிவேட்டில் எழுத வேண்டும். ரயில் வந்ததும், வந்து சேர்ந்தது என்று எழுத வேண்டும். ஏற்ற ரயில் வந்து சேராமல் கதிரையை அடுத்தவனிடம் கொடுக்க முடியாது. அவன் கையெழுத்து வைக்கமாட்டான். அங்கே சாமியே வந்தாலும் வரிசையில் நிற்கச் சொல்வார்கள்.

அந்தத் தொலைபேசியில் மூன்று பொத்தான். ஒன்று மேற்கு நிலையத்துக்கு. மற்றது கிழக்குக்கு. மூன்றாவது, காட்டுக்குள் போன கிளைப் பாதைக்கு. அந்தப் பாதையை மூடி அறுபது வருஷம். தண்டவாளத்தையே கழற்றிவிட்டார்கள். மூன்றாம் மேடைக்கு முன்னால் புல்தான்.

ஜனவரி நடுவில் ஒரு காலை... மூன்றாவது பொத்தானின் விளக்கு எரிந்தது.

ட்ர்ர்ர்ர்... நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம். ட்ர்ர்ர்ர்... அவ்வளவுதான்.

அம்புறோஸ் எடுக்கவில்லை. மன்னாரில் பிறந்த பிள்ளை, எப்படி எடுப்பான்? இருட்டில் யாராவது கூப்பிட்டால் முதல் தரம் வாய் திறக்கக்கூடாது. இரண்டாம் தரமும் திறக்கக்கூடாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் மனிதர். பேய் மூன்றாம் தரம் கூப்பிடாது.

"அது உண்மை," என்றாள் பிரஷாந்தினி. கிருபானந்தன் அண்ணை மூக்கால் ஒரு சத்தம் போட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இரண்டு தரம். மூன்று தரம் முறைப்பாடு எழுதிக் கொடுத்தான். வந்த தொழிலாளி சுவர்ப் பலகையைக் கழற்றி, அறுந்த கம்பி நுனியைக் கையில் பிடித்துக் காட்டினான். இது எங்கும் போகவில்லை, நீ நன்றாகத் தூங்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதே ஜனவரி நடுவில்தான் இங்கே அஹுன்ட்சிக்கில், எங்கள் வீட்டில், மாமி படுக்கையில் விழுந்தார். அம்புறோஸின் அம்மா. முன்பே ஒருமுறை வாதம் வந்து இடது காலை இழுத்துத்தான் நடப்பார். இந்த முறை டொக்டர் கையை விரித்துவிட்டார். பங்குச் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கும் நோயில் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமி மகனைப் பற்றிக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"தம்பி வெளிக்கிட்டிட்டானோ?"

"லீவைப் போட்டிட்டு உடனை வந்திருக்கலாமே?" கிருபானந்தன் அண்ணைக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஆளில்லை எண்டு லீவு குடுக்கேல்லை அண்ணை. நாப்பது நாள் இழுத்தடிச்சவங்கள்."

கடைசியில் பெப்ரவரி முடிவில் லீவு கிடைத்தது. மத்தியானம் ஒன்று இருபதுக்குப் பிராங்போர்ட்டில் விமானம். ஒன்பது மணிக்கு அடுத்த ஆள் வருவான், கையெழுத்து வைப்பான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். பெட்டி கதவோரம் தயாராக நின்றது. நாங்களும் மாமியின் காதில் சொல்லிவிட்டோம்: "ஓம் அம்மா, வெளிக்கிட்டிட்டான்."

எட்டு ஐம்பதுக்கு மூன்றாவது விளக்கு எரிந்தது. ட்ர்ர்ர்ர்... இரண்டாம் தரம். ட்ர்ர்ர்ர்... அம்புறோஸ் ஜாக்கெட்டை மாட்டினான்.

ட்ர்ர்ர்ர்.

மூன்றாம் தரம்! அவனுக்கு அப்பாடா என்றிருந்ததாம். பேய் இல்லை, நாற்பது நாளாகத் தன் உயிரை வாங்கியது யாரோ ஒரு மனிதன்தான். பிடித்து ஏச வேண்டும் என்றுதான் எடுத்தான். ஒரு கிழவரின் குரல், மிகவும் மரியாதையாக, ஒரு ரயில் இலக்கத்தைச் சொல்லி ஏற்றுக்கொள்கிறீரா என்று கேட்டது. அம்புறோஸ் கத்தினான்: "ஏற்றுக்கொள்கிறேன், அனுப்பித் தொலை!" கத்தின வாயோடு, பழக்கத்தில் கை பதிவேட்டிலும் எழுதிவிட்டது.

ணங்...

ஏழாம் லீவர் தானாக விழுந்தது. மூன்றாம் மேடைக்கான லீவர். அது விழுந்தால் மற்றதெல்லாம் பூட்டு. எல்லாச் சிக்னலும் சிவப்பு.

ஒன்பது மணிக்கு வந்தவன் பதிவேட்டைப் பார்த்தான். ஆச்சரியப்படவே இல்லை. "ஏற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். வந்து சேரட்டும், கையெழுத்து வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கோப்பி வாங்கப் போனான். அம்புறோஸ் கெஞ்சினான். அம்மா சாகக் கிடக்கிறா என்றான். லீவரைக் காலால் உதைத்தான். இரும்பு அசையவில்லை. வெளியே இரண்டு மேடையிலும் சனம் நின்று திட்டியது. பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு. ஈரப்பனி தூறத் தொடங்கியது. ஒன்று இருபதும் போனது. கதவோரம் நின்ற பெட்டியைப் பார்த்து அவன் விம்மி அழுதானாம்.

ஒன்று நாற்பத்தெட்டு. கிளைப் பாதை மணி அடித்தது. நிலக்கரிப் புகை மணம். தரை அதிர்ந்தது... ஒரு நீளமான பிறேக் சத்தம்... ஒரு கதவு திறந்து மூடும் சத்தம். யன்னலால் பார்த்தால் புல். பனி. வேறு ஒன்றுமில்லை.

பிறகு அறைக் கதவில் தட்டியது.

டொக்.

அம்புறோஸ் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

டொக்.

மூச்சு விடவில்லை.

டொக்.

மூன்றாம் தரம்தான். ஆனால் காலையில் மூன்றை நம்பி ஏமாந்தவன் இனி நம்புவானா? 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று தரம் சொல்லி முடிக்கும்வரை கைப்பிடியை விடவில்லை. அப்போதுதான் கதவு நீக்கலால் அந்த வாசம் வந்தது. சித்தாலேப. மாமி முழங்காலுக்குப் பூசுகிற தைலம்.

திறந்தான். ஒருவருமில்லை. பனியில் மட்டும் தடம். மூன்றாம் மேடையிலிருந்து கதவுவரை வந்து, கதவடியில் கொஞ்ச நேரம் நின்று, திரும்பி மேடை விளிம்புவரை போன தடம். சின்னப் பாதம். றப்பர்ச் செருப்பு. இடது கால் இழுத்த கோடு. பின்னால் ஏழாம் லீவர் தானாக எழும்பியது.

இங்கே அப்போது காலை ஏழு நாற்பத்தெட்டு. நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாமி கண்ணைத் திறந்து, தெளிவாகச் சொன்னார்: "அவன் அங்கை ஸ்ரேசனிலை நிக்கிறான். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்." அவ்வளவுதான். போய்விட்டார்.

எங்கள் அறை யன்னலில் ஐஸ் விழுகிற சத்தம்... சர்ர்... சர்ர்...

"இப்ப அவர்?" என்று கேட்டாள் பிரஷாந்தினி.

"செத்தவீட்டுக்கும் வரேல்லை. அந்த அறைக் கதவை இப்ப பூட்டுறதேயில்லையாம். மூண்டாவது லைற் அதுக்குப் பிறகு ஒருக்காலும் எரியேல்லை. 'ஒருக்கா அடி எண்டு அந்தப் போனுக்கு முன்னாலை இருந்து கெஞ்சுறன் மச்சான்' எண்டு சொல்லி அழுறான்."

கிருபானந்தன் அண்ணை தொண்டையைச் செருமினார். "விடியக் காலமை நித்திரையில்லாமல் வேலை செய்தால் மனிசனுக்கு..."

டொக்.

விமானத் தளப் பக்கக் கதவு. மூவரும் அதைப் பார்த்தோம். செக்யூரிட்டி ஆளாக இருக்கும் என்று அண்ணை முணுமுணுத்தார்.

டொக்.

பிரஷாந்தினி என் சட்டையைப் பிடித்தாள். "திறவாதேங்கோ..."

நாங்கள் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

டொக்.

நான் எழுந்தேன். எனக்குப் பயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கதவைத் திறக்கப் பிந்தி அம்புறோஸ் விட்ட பிழையை நானும் விடக்கூடாது. கதவைத் தள்ளினேன், வரவில்லை. தோளால் இடித்தேன். படீர் என்று ஐஸ் உடைந்து திறந்தது. வெளியே ஒருவருமில்லை. கைபேசியைப் பிடித்துக் கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். விரல் தடிப்பில் ஐஸ். நான் உடைத்த விளிம்பைத் தவிர வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. கைப்பிடியிலும் இல்லை.

குளிரோடு சித்தாலேப வாசம் உள்ளே வந்தது.

"வாங்கோ மாமி," என்றேன். "அவன் இஞ்சை இல்லை. ஆனா வாங்கோ."

கதவைச் சாத்தினேன். எனக்குப் பின்னால், அண்ணைக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் கதிரை, யாரோ மெல்ல உட்கார்ந்ததுபோல ஒருமுறை கிறீச்சிட்டது.