படிகளின் மேல் குற்றமில்லை

பெயின்ட் கடையில் தருகிற ஷேட் கார்டைப் பார்த்து யாரும் நிறம் தேர்ந்தெடுக்கக் கூடாது. கையகலத் துண்டில் இதமாக இருக்கிற மஞ்சள், சுவர் முழுக்க ஏறியதும் கண்ணைக் குத்தும். இதை நான் முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு கார்டைப் பிரித்து மஞ்சளின் மேல்தான் விரல் வைப்பார்கள்.

என் பெயர் வெண்மதி. சொந்த ஊர் மொரப்பூர். கோயம்புத்தூரில் இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு தருமபுரியில் அலுவலகம் வைத்திருக்கிறேன். நான் செய்துகொடுத்த வீடுகளில் ஒன்றைக்கூட நான் செய்தபடியே இன்று நீங்கள் பார்க்க முடியாது. அரூரில் ஒரு வீடு. கூடத்தில் மேற்கு வெயில் நேராக விழும் என்பதால் குளிர்ச்சியாக நீலச் சாம்பல் அடிக்கவைத்தேன். குடிபோன கையோடு அதன் மேல் ஆரஞ்சு ஏற்றிவிட்டார்கள். "இப்பத்தான் பளிச்சுன்னு இருக்குது, இல்லீங்க மேடம்?" என்று என்னையே கேட்டார்கள். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

பாலக்கோட்டில் இன்னாசி வீட்டு வேலை வந்தபோது இதுவாவது நிலைக்கும் என்று நம்பினேன். இன்னாசி தக்காளி மண்டி வைத்திருப்பவர். நிறத்தைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் கிடையாது. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்தது. கூடத்துச் சுவர், தரை, மாடிப்படி எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் வெள்ளை கொடுத்தேன். ஒரே நிறம் தொடர்ந்து போனால் விளிம்புகள் மறைந்துவிடும், இடம் பெரிதாகத் தெரியும். காலை வெளிச்சத்தில் அந்தப் படிகள் தனித்தனியாகவே தெரியாது. மேலிருந்து ஒரு துணியை நழுவவிட்டது போலிருக்கும்.

அவர் மனைவி ராணியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன கண்ணு, வூடு பூரா சாம்பல பூசுனாப்பல வச்சிருக்கற?"

ரோஸ் நிறத்தில் திரைச்சீலை வாங்கி மாட்டினார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் எது செத்துப்போகும் என்று உட்காரவைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த முறை போனபோது சோபாவுக்குக் கிளிப்பச்சையில் உறை தைத்துப் போட்டிருந்தார். "நீ சொல்றதெல்லாம் சரிதான் கண்ணு. ஆனா இதுக்குள்ள இருக்கறது நாங்கதான?" என்றார்.

அவருக்குச் சர்க்கரை நோய். அதில் கண் மங்கிக்கொண்டு வந்தது. "படி எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியமாட்டேங்குது. ஓரத்துல மஞ்சப் பட்ட ஒண்ணு அடிச்சிக் குடு கண்ணு" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். பார்வை குறைந்தவர்கள் புழங்கும் வீட்டில் படி விளிம்பு வேறு நிறத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும். நானே இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொல்வதற்குள் அவரே மஞ்சள் டேப் வாங்கி ஒவ்வொரு படியிலும் ஒட்டிவிட்டார். ஒட்டியதும் கோணல். அங்கங்கே சுருங்கிக் குமிழ் விட்டிருந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதே இன்னாசிக்குப் போன் செய்தேன். "அவங்களுக்கு அதான் தோதா இருக்குதுங்க மேடம். வுட்டுருங்க" என்றார். விட்டுவிடச் சொல்வது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது.

ஒரு பத்திரிகைக்காக அந்த வீட்டைப் படமெடுக்க சத்யராஜை வரச்சொல்லியிருந்தேன். இன்னாசி மண்டிக்குப் போய்விட்டார். ராணியம்மாள் மாடியில் ஜெபம் செய்துகொண்டிருந்தார். சத்யராஜ் வருவதற்கு முன் திரைச்சீலையைக் கழற்றினேன், சோபா உறையை எடுத்தேன். டேப்பை நிதானமாக, பசை தங்காமல் உரித்துத் துடைத்தேன். படம் எடுத்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். திரைச்சீலையை மாட்டவும் செய்தேன், உறையையும் போட்டேன். சத்யராஜ் விளக்குகளை வண்டியில் ஏற்ற வெளியே போனான். டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிகளின் முன் நின்றேன். ஒட்ட மனம் வரவில்லை.

"முடிஞ்சிருச்சா கண்ணு? டீ வைக்கட்டுமா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சுதுங்கம்மா. வரும்போது அந்த ரூம்ல இருக்கற பெரிய தலகாணி ரெண்டையும் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கைப்பிடியைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை.

டேப் தானாக உரிந்திருக்கும் என்று இன்னாசி நம்பிக்கொண்டிருக்கிறார். என் மேல் யாருக்கும் சந்தேகமில்லை. நீங்களும் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் படியைக் காட்டி, "இந்தக் கலருதான் ஆளக் கொன்னுருச்சு" என்று பேசினார்கள். இன்னாசி படிகளைப் பெயர்த்துவிட்டு சிவப்புக் கல் போட ஆள் பார்க்கிறார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படிகளின் மேல் குற்றமில்லை. அவர் தலைப்படியில் நின்றார். நின்றார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கீழே படி தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் நிறம் அவரை ஏமாற்றவில்லை.

"டேப்பு கண்ணுக்கே ஆம்புடலையே. இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

"இருக்குதுங்கம்மா. வெயில் அடிக்கறதால தெரியல. நேரா வாங்க" என்றேன்.

காலை எடுத்து வைத்தார். அந்த வீட்டில் நான் சொன்ன ஒன்றை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.